கொல்லையில் போட்ட நெருப்பு வட்டம் சொன்னபடி கேட்கவில்லையா?

உச்சிப்புளியிலிருந்து மண்டபம் போகிற வழியில், வடக்கே போனாலும் கடல், தெற்கே போனாலும் கடல் என்கிற மாதிரி இடத்தில் எங்கள் வீடு. சாயங்காலம் வீட்டு ஆட்கள் எல்லாரும் சுற்றி உட்காரக் கொல்லையில் ஒரு நெருப்புக் குழி போட ஆசைப்பட்டு, மூன்று தடவை கட்டி இரண்டு தடவை பிரித்திருக்கிறேன். இந்த வெக்கையில் இது வேறயா என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. மார்கழியில் வாடை அடிக்கும்போது ராத்திரி எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்து பார்த்தவர்கள் அப்புறம் கேட்பதில்லை. மற்ற மாதங்களில் மீன் சுடுகிறோம், ஆவணியில் பனம்பழம் சுடுகிறோம், கரண்ட் போனால் பிள்ளைகள் தானாகவே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அம்மா மட்டும் இன்னும் இதைப் பூக்குழி என்றுதான் சொல்கிறார்.

கட்டியாகிவிட்டது, ஆனால் ஏதோ சரியில்லை என்பவர்களுக்காக, என்ன கோளாறு கண்ணில் படுகிறதோ அதை வைத்தே எழுதுகிறேன். எதுவானாலும் முதலில் மூன்றைச் சந்தேகப்படுங்கள்: மணலுக்கடியில் இருக்கிற தண்ணீர், உப்பு, காற்று. நெருப்பின் மேல் பழி போடுவதெல்லாம் கடைசியில்.

குழிக்குள் தண்ணீர் ஊறுகிறது, ஓரம் சரிகிறது

தோண்டியதுதான் தப்பு. வீடியோக்களில் ஒன்றரை அடி தோண்டு, சுற்றிலும் கல்லை அடுக்கு, முடிந்தது வேலை என்று காட்டுவார்கள். செம்மண் மேட்டுக்கு அது சரி. நம் பக்கம் மணலைக் கையால் பறித்தாலே தண்ணீர் ஊறுகிற இடங்கள் நிறைய. ஊற்றுப் பறித்து, சிரட்டையால் மொண்டு மொண்டு குடம் நிரப்பியவர்கள் இன்னும் வீட்டில் இருக்கிறார்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் அந்த ஊற்று மட்டம் மேலே ஏறும்போது உங்கள் குழி கிணறாகிவிடும். என் முதல் குழியில் தவளை குடியேறியது. தகரம் போட்டு மூடிப் பார்த்தேன், தண்ணீர் மேலேயிருந்தா வருகிறது?

மூடிவிட்டுத் தரைக்கு மேலே கட்டுங்கள். ஐந்தடி அகல வட்டத்துக்கு அரையடி உயரம் செம்மண் கொட்டி, தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்குங்கள். அதன் நடுவில் மூன்று விரல் கனத்துக்குச் செங்கல் சல்லி. கடற்கரைக் கூழாங்கல்லோ ஆற்றுக் கூழாங்கல்லோ வேண்டாம், காரணம் அடுத்துச் சொல்கிறேன். அடியைச் சிமெண்ட் போட்டு மெழுகவும் கூடாது, மழைத் தண்ணீர் கீழே இறங்க வழி வேண்டும். சுவருக்கு நம் ஒன்பது அங்குலச் செங்கலை உள்மூலை தொடும்படி வட்டமாக வைத்தால் வரிசைக்குப் பன்னிரண்டு வரும், உள்ளே மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம் கிடைக்கும். நாலு வரிசை போதும், ஒரு அடி உயரம். உடைசலையும் சேர்த்து 60 கல் வாங்கினால் மிச்சமாகவே இருக்கும்.

சுவர்க்கல் 'பட்' என்று வெடிக்கிறது

பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது இந்தச் சத்தம் வந்தால் அன்றைக்கு அத்தோடு விளையாட்டு முடிந்தது. எல்லாரையும் தள்ளி உட்காரச் சொல்லுங்கள், விறகு மேற்கொண்டு போடாதீர்கள், தானாக அடங்கட்டும். மறுநாள் எந்தக் கல் என்று பாருங்கள்.

பெரும்பாலும் உள்ளே தண்ணீர் குடித்த கல்லாகத்தான் இருக்கும். கல்லின் நுண் துளைகளில் இருக்கிற ஈரம் ஆவியாகிறது, ஆவி ஆனதும் இடம் போதவில்லை, வெளியே வர வழி இல்லாவிட்டால் கல்லைப் பிளந்துகொண்டு வருகிறது. நாள் கணக்கில் தண்ணீரில் கிடந்த கூழாங்கல், சிமெண்ட் ஹாலோ பிளாக், கான்கிரீட் உடைசல் எல்லாம் இந்த ரகம். கருங்கல் பார்க்க உறுதிதான், ஆனால் அதற்குள் இருக்கிற படிகக்கல் (குவார்ட்ஸ்) 573 டிகிரியில் சட்டென்று பருக்கும், அதனால் ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் ஓடு ஓடாகப் பெயர்கிறது. நெருப்புக்கு எதிரே அது வேண்டாம், சுற்றி உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நம் ஊருக்கே உரிய தப்பு ஒன்று உண்டு. பழைய வீட்டை இடித்த இடத்தில் பவளக்கல் சும்மா கிடக்கும். வெள்ளையாக, பூப்பூவாக, வட்டமாக அடுக்கினால் அழகாகத்தான் இருக்கும். நானும் இரண்டாவது வட்டத்தை அதில்தான் கட்டினேன். அது கல்லே இல்லை, சுண்ணாம்பு. அந்தக் காலத்தில் இதையும் சிப்பியையும் காளவாசலில் போட்டுச் சுட்டுத்தானே சுவருக்குச் சுண்ணாம்பு எடுத்தார்கள்? கங்கு படுகிற உள்பக்கம் 900 டிகிரியை நெருங்கினால் அதே வேலை உங்கள் கொல்லையில் நடக்கிறது. முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு மழை பெய்த மறுநாள் போய்ப் பார்க்கிறேன், உள்பக்கம் முழுதும் நீறி, விரலால் தொட்டால் மாவு மாவாகக் கொட்டுகிறது. அந்த மாவு கண்ணில் பட்டால் பொசுக்கிவிடும், பிள்ளைகள் கை வைக்கிற இடத்தில் இருக்கவே கூடாது. புதுசாகக் கடலிலிருந்து எடுத்து வரலாமா என்று யாரும் யோசிக்கவே வேண்டாம். பவளம் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, நமக்கு எதிரே இருக்கிற 21 தீவுகளும் தேசியப் பூங்கா.

நன்றாக வெந்த சூளைச் செங்கல் போதும். இரண்டைத் தட்டினால் 'ணங்' என்று கேட்க வேண்டும். கையில் காசு இருந்தால் உள்வரிசைக்கு மட்டும் சூடு தாங்குகிற ஃபயர் பிரிக் வைத்துக்கொள்ளுங்கள்.

கல் நன்றாக இருக்கிறது, பூச்சு மட்டும் விரிந்து உதிர்கிறது

சிமெண்ட் கலவை போட்டிருப்பீர்கள். கொத்தனார் அப்படித்தான் போடுவார், அவர் மேல் தப்பு இல்லை, அவர் வீடு கட்டுகிறவர். இறுகின சிமெண்டுக்குள் இருக்கிற தண்ணீர்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. சூடு அந்தத் தண்ணீரைப் பிடுங்கினால் பிடிப்பும் போய்விடும். களிமண்ணுக்கு மாறுங்கள். கண்மாய்க் களிமண் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, கொஞ்சம் உமி. எங்கள் அப்பத்தா மண்ணடுப்புப் போடுகிற பக்குவம் இதுதான், அவர் கையால் உருட்டிப் பார்த்து, உருண்டை விரியாமல் காய்ந்தால் சரி என்பார். விரிந்தால் மணல் குறைச்சல், பொடிந்தால் களி குறைச்சல்.

மணல் கடற்கரை மணலாக இருக்கக் கூடாது. அதில் உள்ள உப்பு காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து இழுத்து வைத்துக்கொள்ளும், காய்கிறபோது வெள்ளையாகப் பூக்கும், பூக்கப் பூக்கச் செங்கல் முகம் பொரிந்து கொட்டும். இந்த வெள்ளை உப்பை ஈரத் துணியால் துடைத்தால் மறுபடி உள்ளே போய் மறுபடி வரும். காய்ந்த துடைப்பத்தால் தட்டிவிட்டு வாரி வெளியே போடுங்கள். பூசின பிறகு ஒரு வாரமாவது நிழலில் காய வேண்டும், அப்புறம் இரண்டு மூன்று நாள் சிரட்டை நாலைந்து போட்டுச் சின்னத் தீயாக மூட்டி ஈரத்தை ஓட்டுங்கள். நீண்ட மழைக்கு அப்புறமும் இதே மாதிரி சின்னத் தீயில் தொடங்குவது நல்லது.

புகை ஆளைத் துரத்துகிறது

எங்கே மாறி உட்கார்ந்தாலும் புகை அங்கேயே வருகிறது என்று புலம்பாத வீடு இல்லை. தீ நாலு பக்கமும் காற்றை இழுத்துக்கொண்டுதான் எரிகிறது. ஒரு பக்கம் நீங்கள் நெருங்கி நின்றால் அந்தப் பக்கத்துக் காற்று அடைபடுகிறது, புகை அங்கே சாய்கிறது. அதனால் சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளி உட்காருங்கள், இரண்டு பக்கம் ஆள் இல்லாமல் விடுங்கள்.

எந்த இரண்டு பக்கம் என்பதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் புகை எதிரே போய்விடும் என்று நினைப்போம். பலமான காற்று உங்கள் முதுகில் மோதிச் சுற்றி வந்து, நெஞ்சுக்கு முன்னால் ஒரு சுழியைப் போடும், அந்தச் சுழி புகையை மூஞ்சிக்கே கொண்டுவரும். காற்று உங்கள் வலப் பக்கத்திலிருந்து இடப் பக்கமோ இடமிருந்து வலமோ கடந்து போகும்படி உட்காருவதுதான் வசதி. கச்சான் மாதங்களில், அதாவது வைகாசியிலிருந்து ஆவணி வரைக்கும், காற்று தென்மேற்கிலிருந்து வரும். அப்போது தென்கிழக்கு, வடமேற்கு இரண்டு பக்கமும் பாய் போடுங்கள். வாடை வடகிழக்கிலிருந்து வருகிறது, அதற்கும் அதே இடம் பொருந்திவிடும். எங்கள் வீட்டில் திண்டு கட்டினது இந்தக் கணக்கில்தான், மூன்று வருஷமாக மாற்றவில்லை. இரண்டும் இல்லாத பங்குனி சித்திரையில் சாயங்காலக் கடல்காற்று ஓய்ந்து, ராத்திரி கரைக்காற்று திரும்பும், நடுவில் கொஞ்ச நேரம் புகை என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. பற்றவைக்கும் முன் ஒரு பிடி சாம்பலை விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆள் யாரும் இல்லாதபோதும் புகை படிந்தே கிடந்தால் காற்றுத் துளையைப் பாருங்கள். அடி வரிசையில் நாலு இடத்தில் அரைச் செங்கல் அளவு இடைவெளி இல்லையென்றால் கம்பியால் நெம்பி எடுத்துவிடுங்கள். கச்சான் பலமாக அடிக்கும்போது மேற்குத் துளையை ஒரு செங்கலால் பாதி மறைக்கலாம், இல்லையென்றால் ஊதுலை மாதிரி விறகைத் தின்றுவிடும். துளையும் இருந்து, வெள்ளையாகப் புஸ்ஸென்று புகைந்தால் விறகு ஈரம். வெட்டி இரண்டு மூன்று மாதம் ஆன கருவை வேண்டும், முனையில் விரிசல் விட்டிருக்க வேண்டும், பட்டை தானாகக் கழல வேண்டும். ராமநாதபுரம் சீமையில் கருவைக்கா பஞ்சம்? மூட்டம் போட்டுக் கரி எடுத்து லாரி லாரியாக அனுப்புகிறார்கள், நாம் நாலு கட்டையைத் தரையில் போடாமல் செங்கல் மேல் அடுக்கி வைத்தால் போதும். முள்ளை மட்டும் வெட்டின இடத்திலேயே சீவிவிட்டு வாருங்கள்.

கொசுவுக்காக வேப்பிலை போடுவது தனி விஷயம், அந்தப் புகையைக் கோளாறில் சேர்க்காதீர்கள்.

பற்றவே மாட்டேன் என்கிறது

பன்னாடை, பனை மட்டையின் அடியில் வலை மாதிரி சுற்றியிருக்கிறதே, அதுதான். வேறு எதுவும் வேண்டாம். பனை மரத்தடியில் கிடக்கும், காய்ந்ததாக நாலு எடுத்து, உள்ளே தேங்காய் நார், மேலே சுள்ளி, அதற்கு மேல் சிரட்டை, அப்புறம்தான் கட்டை. படகுக்கு வைத்திருக்கிற டீசலையோ வண்டிப் பெட்ரோலையோ தெளிக்கிற ஆள் யாராவது கூட்டத்தில் இருந்தால் அவரை மீன் கழுவ அனுப்பிவிடுங்கள். பெட்ரோல் ஆவி குச்சி கிழிக்கும் முன்னாலேயே சுற்றிப் பரவி நிற்கும்.

கரையொதுங்கின கட்டையை எத்தனை நாள் காயவைத்தாலும் ஈரமாகவே இருக்கிறதா? உப்பு ஊறின கட்டை அப்படித்தான், ராத்திரி ஈரத்தை மறுபடி குடித்துவிடும். அது வேறு காரணத்துக்காகவும் வேண்டாம்.

கண் தாங்க முடியாத எரிச்சல், நாற்றம், பச்சை நீலமாகத் தீ

கலர் கலராக எரிகிறது என்று பிள்ளைகள் கைதட்டும். உடனே எல்லாரையும் எழுப்பிவிடுங்கள். கடலில் ஊறின கட்டை எரியும்போது அதிலிருக்கிற உப்பின் குளோரின் புகையோடு சேர்ந்து நச்சாகிறது. உடைத்த வள்ளத்துப் பலகை இன்னும் மோசம், பெயிண்டு, தார், அடிப்பக்கம் பாசி பிடிக்காமல் பூசின மருந்து எல்லாம் அதில் இருக்கும். ஃபைபர் துண்டு, நைலான் வலை, தெர்மகோல் மூடி இவையெல்லாம் சொல்லவே வேண்டியதில்லை, ஆனாலும் யாராவது ஒருவர் போட்டுவிடுகிறார்.

கலர் இல்லாமல் கண் மட்டும் பொங்கினால் மரத்தைப் பாருங்கள். உப்பங்கழிப் பக்கம் வளர்கிற தில்லை மரத்தின் பால் கண்ணைக் குருடாக்கும் என்பார்கள், அதன் புகையும் கண்ணுக்கு ஆகாது. சதுப்பு மரங்களை வெட்டவும் கூடாது. வேலியில் இருக்கிற கள்ளி, அரளி இரண்டும் அடுப்புக்கு ஆகாதவை. அரளிக் குச்சியை அழகாகச் சீவி மீன் குத்திச் சுடக் கொடுத்த ஒரு மாப்பிள்ளையைப் பார்த்திருக்கிறேன், நல்ல வேளை, அவர் மாமியார் பார்த்துவிட்டார்.

பொறி கூரைப் பக்கம் பறக்கிறது

பனை ஓலையைத் தீயில் போட்டால் எரிந்துகொண்டே மிதந்து போகும், பார்த்தால் மின்மினி மாதிரி இருக்கும், எதிர்வீட்டுக் கீற்றுக் கொட்டகையில் போய் உட்காரும். ஓலையைப் பற்றவைக்க மட்டும், அதுவும் விறகுக்கு அடியில் அமுக்கி வையுங்கள். ஓட்டு வீடு, காரை வீட்டுச் சுவரிலிருந்து பத்தடியாவது, ஓலைக்கூரை, ஓலை வேலி, வைக்கோல், வலைக் குவியல், எண்ணெய்க் கேன் இவற்றிலிருந்து முப்பதடிக்குக் குறையாமல் தள்ளியிருக்க வேண்டும் என்பது என் கணக்கு. மேலே தென்னை மட்டை தொங்கக் கூடாது. ஏற்கெனவே கிட்டத்தில் கட்டியிருந்தால் கம்பி வலை மூடி செய்து போடுங்கள், பொறி குறையும், ஆனால் அதை நம்பிக் கச்சானில் பற்றவைக்காதீர்கள்.

பாம்பன் பழைய பாலத்தில் ரயில் ஓடின காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் ரயிலையே நிறுத்தினார்கள். நமக்கு மானி எல்லாம் வேண்டாம். தென்னை மட்டைகள் எல்லாம் ஒரே பக்கமாக வாரிக்கொண்டு நின்றால் அன்றைக்கு உள்ளே உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

இன்னொன்று, கடலோரமே வீடு என்றால் தை முதல் பங்குனி வரைக்கும் வெளிச்சம் கடல் பக்கம் தெரியாதபடி ஒரு தகரத்தை நிறுத்துங்கள். ஆமை கரையேறி முட்டையிடுகிற காலம் அது, குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத் திசை மாறிப் போகும்.

இரும்பு துருப்பிடித்து ஓட்டையாகிறது

துருப்பிடிக்கத்தான் செய்யும். இணையத்தில் ஆர்டர் போட்டு வாங்கின அழகான இரும்புச் சட்டி ஒன்று எனக்கு ஒரு வாடைகூடத் தாங்கவில்லை. பழைய இரும்புக் கடையில் லாரி ரிம் கிடைத்தால் வாங்குங்கள், கனம் இருப்பதால் மெதுவாகத் தேயும். சாம்பலை ஈரத்தோடு உள்ளேயே விட்டுவைத்தால் துரு இரட்டிப்பாகும். கம்பி வலையைக் கழுவி, சூட்டிலேயே தேங்காய் எண்ணெய் தடவி, வீட்டுக்குள் மாட்டுங்கள்.

மீன் கம்பியோடு ஒட்டிக்கொண்டு பிய்கிறது

தீ கொழுந்து விடும்போதே போட்டிருப்பீர்கள். கொழுந்து அடங்கி, கங்கு மேல் சாம்பல் பூத்த பிறகு, கம்பி நன்றாகக் காய்ந்த பிறகு, மீனைத் துணியால் ஒற்றி எண்ணெய் தடவிப் போடுங்கள். போட்டதும் நோண்டாதீர்கள். வெந்தால் அதுவே கம்பியை விடும். விளமீன், பாரை மீன் மாதிரிக் கனமான மீனுக்கு இது. சூடை மாதிரிப் பொடி மீனுக்குக் கம்பியே வேண்டாம், பனை மட்டையைப் பிளந்து நடுவில் கவ்வவைத்துக் காட்டினால் போதும்.

மணல் போட்டு அணைத்தாகிவிட்டது, காலையில் கால் சுட்டது

இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். ராத்திரி பத்தரைக்கு நான்தான் இரண்டு சட்டி மணலை வாரிக் கொட்டி மூடினேன், புகை ஒரு நூல்கூட இல்லை. காலையில் ஏழு மணி இருக்கும், அக்கா மகன் பந்தை எடுக்க வட்டத்துக்குள் கால் வைத்தான். மணல் வெள்ளையாக, குளிர்ந்த மாதிரி, கடற்கரை மாதிரியே இருந்தது. கணுக்கால் வரைக்கும் புதைந்தது. அவன் கத்தினதைக் கேட்டு ஓடிப்போய்க் காலைத் தூக்கியபோது மணலுக்கடியில் கருவைக் கங்கு ராத்திரி இருந்த அதே சிவப்பில் கிடந்தது.

மணல் தீயை அணைக்காது, போர்த்திவிடும். காற்று அதிகம் போகாததால் கங்கு மெதுவாக எரியும், சூடு வெளியே போகாது. கருவைக் கங்குக்கு ஒரு ராத்திரி ஒன்றுமே இல்லை, மூட்டம் போடுகிறவர்களைக் கேளுங்கள். ஆகவே மணல் வேண்டாம். சாப்பிட உட்காரும்போதே விறகு போடுவதை நிறுத்திவிடுங்கள், கங்கைக் கம்பியால் பரப்பிவிடுங்கள், அரை மணி நேரம் கழித்துக் கையால் தெளித்துத் தெளித்துத் தண்ணீர் விடுங்கள். குடத்தோடு கவிழ்த்தால் சூட்டில் இருக்கிற செங்கல் விரியும், ஆவி மேலே அடிக்கும். கிளறி மறுபடி தெளியுங்கள். 'உஸ்' சத்தம் நின்றதும் புறங்கையைச் சாம்பலுக்கு மேலே பிடித்துப் பாருங்கள், வெதுவெதுப்பு தெரிந்தால் இன்னொரு சுற்று. மிச்சக் கங்கைச் சட்டியில் அள்ளி, குளிருக்கு என்று அறைக்குள் கொண்டுபோய் வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள், அதன் வாயுவுக்கு வாசனை கிடையாது.

சுட்டுவிட்டால் ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள், கடிகாரம் பார்த்து. பேஸ்ட், மாவு, இங்க் எதுவும் தடவ வேண்டாம், கொப்புளத்தை உடைக்க வேண்டாம், பெரிசாக இருந்தால் ஆஸ்பத்திரி. அவனுக்கு ஆற மூன்று வாரம் ஆனது. இப்போது வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு மூடியும் நிரந்தரமாக இருக்கின்றன, தெளிக்கிற வேலை அவனுடையது. வேறு யாரையும் தொட விடுவதில்லை. மறுநாள் மத்தியானம் முழுதும் ஆறின சாம்பலை அம்மா தகர டப்பாவில் அள்ளிக்கொள்கிறார், கெளுத்தி வழுக்காமல் பிடித்து நறுக்க அதைவிட நல்லது இல்லையாம்.